சாரத்தோடு வேலை தேடலாமா?

கேள்வி: மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன் நான். கம்பெனியில் ஆள் குறைத்ததில் ஊருக்குத் திரும்பி எட்டு மாதம் ஆகிறது. சாரமும் (லுங்கிதான்) பனியனுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் போடுகிறேன். "குளிச்சு பேன்ட் சட்டை போட்டுட்டு இருலே, வேலை தானா வரும்" என்கிறாள் அம்மை. வீட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்? உடுப்புக்கும் ஊக்கத்துக்கும் சம்பந்தம் உண்டா?
- வாசகர், தக்கலை

பதில்: இந்தப் பதிலை நானும் சாரத்தோடுதான் எழுதுகிறேன், தம்பி. அதனால் சாரத்தைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உங்கள் அம்மை சொல்வதை அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரே வெள்ளைக் கோட்டுதான். டாக்டர் கோட்டு என்று சொல்லி மாட்டிவிட்டவர்கள், பெயின்டர் கோட்டு என்று சொல்லி மாட்டிவிட்டவர்களைவிடக் கவனமாக வேலை செய்தார்களாம். ஆனால் அதே ஆய்வின் இன்னொரு சோதனையை வேறொரு குழு திரும்பச் செய்து 2019-ல் வெளியிட்டபோது, சொன்ன வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆக, விஞ்ஞானத்தை நம்பி உங்களுக்குப் பேன்ட் மாட்டிவிட நான் தயாரில்லை. என் கதையைச் சொல்கிறேன்.

1997, ஜூன். வடசேரியில் வாடகை வீடு. வேலையில்லாமல் ஒன்பதாவது மாதம். பக்கத்து வீட்டு போனில் அழைப்பு: "ஒரு மணிக்குள்ள வந்தா முதலாளியைப் பார்க்கலாம்." அப்போது மணி பன்னிரண்டேகால். முகத்தில் எட்டு நாள் தாடி. இருந்த ஒரே நல்ல சட்டை மூன்று நாளாகக் காயாமல் கொடியில் தொங்கியது, காலரில் பூசணம் பிடித்துக் கரும்புள்ளி. சிரட்டைக் கனல் போட்ட இஸ்திரிப்பெட்டியை அவசரமாகத் தேய்த்ததில் ஒரு பொறி பறந்து, பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கடுகளவு ஓட்டை. போய்ச் சேர்ந்தபோது ஒன்று இருபது. ஆளை எடுத்தாகிவிட்டது.

அது போகட்டும். போனை எடுத்ததும் நான் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "நாளைக்கு வரட்டுமா?" ஒன்பது மாதமாகக் காத்திருந்த அழைப்பு தம்பி! சாரத்தோடு நின்றவனுக்கு வாயில் அதுதான் வந்தது.

அப்புறம் தினமும் எட்டு மணிக்குள் சவரம், குளியல், பேன்ட், சட்டை. ஊக்கம் பொங்கியதா என்றால் இல்லை. வாசற்படி தாண்டுவது லேசானது, அவ்வளவுதான். சாரத்தில் இருந்தால் சந்து முனை டீக்கடையோடு நின்றுவிடுவேன். பேன்ட் போட்டால், சரி, கோணம் வேலைவாய்ப்பு அலுவலகம் வரை போய்ப் பார்ப்போமே என்று தோன்றும். அப்படிக் கிளம்பிய ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்த பழைய சிநேகிதன்தான் எனக்கு முதல் வேலைக்கு வழி சொன்னான். சட்டை வாங்கித் தந்த வேலை என்று சொல்ல மாட்டேன். சாரத்திலும் தாடியிலும் நின்றிருந்தால் அவனைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் ஒதுங்கியிருப்பேன்.

அதற்காக இறுக்கமான பேன்ட்டில் நாள் முழுக்க வேக வேண்டாம். விண்ணப்பம் போடும் நாலு மணி நேரம் போதும். முடிந்ததும் சாரத்துக்கு மாறுங்கள், அந்தச் சுகமே தனி. ஒரு சட்டை மட்டும் எப்போதும் தேய்த்து ஹேங்கரில் இருக்கட்டும். மழைக்காலத்தில் கொடியை நம்பாமல் ஃபேனுக்கு அடியில் காயப்போடுங்கள். வீடியோ இன்டர்வியூவில் மேலே சட்டை, கீழே சாரம் என்ற சாமர்த்தியமும் வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் எழுந்திருக்க வேண்டியது நீங்கள்தான்.

கேள்வி: திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டம் என்ற ஊரில் இன்டர்வியூ. சேலையா, சுடிதாரா?
- வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நெரிசல் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாலும் எது உங்களைப் படுத்தாதோ, அது. கஞ்சி போட்ட பருத்திச் சேலை நெய்யாற்றின்கரைக்கு முன்பே கசங்கிவிடும். சேலை கட்டிப் பழக்கமில்லை என்றால் கேட்ட கேள்வியைவிட முந்தானைதான் மனதில் ஓடும். நல்ல செருப்பைப் பைக்குள் வைத்துவிட்டு, மழைக்கு ரப்பர் செருப்போடு கிளம்புங்கள் தங்கச்சி.