மொத்தம் 4 தான், ஆனால் தூக்கம் இல்லை
அடைப்பு, தும்மல், அரிப்பு, நீரொழுகல் ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை போடும் மூக்கு அறிகுறிப் படிவத்தில் உங்களுக்கு 12-க்கு 4 வந்திருக்கிறது. அதனால் உங்கள் மூக்கு ஒவ்வாமை லேசானது என்று ஆகிவிடாது. அடைப்பால் இரவுத் தூக்கம் கெடுகிறது என்கிறீர்களே, அது ஒன்றே போதும்: மூக்கு ஒவ்வாமைக்கான சர்வதேச ‘ஏரியா’ (ARIA) வழிகாட்டுதலில் இது மிதமான அல்லது கடுமையான வகை.

படிவத்தைப் பகலில், அந்த நேர நிலையை வைத்து நிரப்பியிருப்பீர்கள். அடைப்புக்கு 3 போட்டாலும் தும்மல், அரிப்பு, நீரொழுகலுக்கான 0, 1 போன்ற குறைந்த எண்கள் மொத்தத்தில் அதை அமுக்கிவிடும்.

ஒரு வாரம் காலையும் இரவும், கடந்த 12 மணி நேரத்துக்கு நான்கையும் தனித்தனியே 0 முதல் 3 வரை குறியுங்கள். மருந்து எடுத்த நாள்களையும் எழுதுங்கள். அன்று மதிப்பெண் குறைவாகவே தெரியும்.

ஸ்பிரே தொண்டையில் இறங்கிக் கசப்பதால் அதைத் தவிர்க்கிறீர்களா? இந்தப் படிவம் அதைக் கேட்பதில்லை, நீங்களே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று உண்டு.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தக் கசிவு என்றால் கணக்கை விட்டுவிட்டு காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.