எடையை எழுதாமல் கேட்காதீர்கள்: மேடை ரிக்கிங் கேள்வி-பதில்

ஓ.எல். முடித்துவிட்டேன், உயரம் என்றால் பயமில்லை. மேடைக்கு மேலே லைட், ஸ்பீக்கர் தொங்கவிடுகிற ரிக்கர் ஆகலாமா? (தலவாக்கலை)

பயமில்லை என்பதைத் தகுதியாக நினைக்காதீர்கள் தம்பி, கொஞ்சம் பயப்படுகிறவர்தான் ஷக்கிள் (பாரத்தைக் கோக்கும் இரும்பு வளையம்) பின்னை இரண்டு தடவை பார்ப்பார். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா வருகிற லைட், சவுண்ட்காரர்களிடம் லொறி ஏற்றி இறக்கப் போங்கள், ட்ரஸ் (லைட், ஸ்பீக்கர் தொங்கும் உலோகச் சட்டம்) பூட்டப் பழகுங்கள், ஒரு வருடமாவது கீழே நின்றுவிட்டு அப்புறம் மேலே ஏறுங்கள். பள்ளிக்கூட முக்கோணக் கணக்கைத் திரும்பப் படியுங்கள், தினமும் தேவைப்படும்.

ஒரு ட்ரஸ்ஸை இரண்டு ஸ்லிங்கில் (தூக்கும் பட்டை) தூக்கினால் ஆளுக்குப் பாதி எடைதானே? (ஹட்டன்)

இரண்டும் செங்குத்தாக நின்றால்தான் பாதி. நடுவில் 120 பாகை விரிந்தால் ஒவ்வொன்றும் முழு எடையைச் சுமக்கும். நான் 90ஐத் தாண்ட விடமாட்டேன்.

படம் அனுப்பியிருக்கிறேன், இந்த மேடை தாங்குமா? (கொட்டகலை)

எதை? எத்தனை ஸ்பீக்கர், ஒன்று எத்தனை கிலோ, தூணுக்குத் தூண் எத்தனை அடி, ஒன்றுமே எழுதவில்லையே. போன் படத்தைப் பார்த்து "தாங்கும்" என்று சொல்கிறவர் பக்கம் போகாதீர்கள். எடையை எழுதி அனுப்புங்கள்.

லைட்டுக்குப் பக்கத்தில் துணி ஸ்லிங் போடலாமா? (பதுளை)

துணி ஸ்லிங் பெரும்பாலும் பொலியெஸ்டர், அது 250 பாகை செல்சியஸ் வாக்கில் உருகும், அதற்கு முன்பே பலம் போய்விடும். கூடவே ஒரு ஸ்டீல் வயர் போடாமல் தூக்காதீர்கள்.

திருவிழா மேடைக்குப் பின்னால் 20க்கு 10 அடி பேனர் கட்டச் சொல்கிறார்கள். எந்த நைலோன் கயிறு நல்லது? (பண்டாரவளை)

கயிற்றைக் கேட்கிறீர்கள், காற்றைக் கேட்கவில்லை. மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று அந்தப் பேனரை 100 கிலோவுக்கு மேல் தள்ளும், வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு, அதாவது 400ஐத் தாண்டும், அதுவும் கீழ்நோக்கி அல்ல, பக்கவாட்டில், மேடையில் நிற்கிற பிள்ளைகள் பக்கம். கயிறு பலமாக இருந்தால் அறுவது கயிறாக இருக்காது, சாய்வது முழு ட்ரஸ்ஸாக இருக்கும்.

ஒரு ஜூலை மாதம், ஒரு தோட்டத்து மைதானத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். வேண்டாம் என்றேன், "துணிதானே" என்றார்கள், பணம் கொடுத்தவர் பெயர் தெரிய வேண்டுமாம். ஒத்திகை முடிந்து பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரம் பின்பக்க ட்ரஸ் அப்படியே மேடைமேல் விழுந்தது. பத்து நிமிடம் முந்தியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். தென்மேல் காற்றுக் காலத்தில் நம் மலைக்கணவாய்களில் காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெயர் போட வேண்டுமென்றால் மேடை முகப்பில், இடுப்பு உயரத்துக்குக் கீழே போடுங்கள். பின்னால் கட்டியே ஆக வேண்டுமென்றால் காற்றுப் போகும் வலைத்துணி, ட்ரஸ் அடியில் கணக்குப் பார்த்து வைத்த எடை, காற்று ஏறினால் உடனே அவிழ்க்க ஓர் ஆள், இந்த மூன்றும் இருக்க வேண்டும். முடியாது என்றால் அந்த வேலையை விட்டுவிடுங்கள். கூலி போனால் போகட்டும்.

டுபாய் போக ஐராட்டா சான்றிதழ் போதுமா? (மஸ்கெலியா)

அது கயிற்றில் தொங்கி வேலை செய்வதற்கு. லெவல் 1 சான்றிதழ் மூன்று வருடம் செல்லுபடியாகும், லெவல் 2க்கு 1000 மணி நேர வேலைப் பதிவு வேண்டும், பதிவுப் புத்தகத்தை இன்றே ஒழுங்காக எழுதத் தொடங்குங்கள். பாரம் தூக்குவது வேறு படிப்பு, அமெரிக்காவில் இ.டி.சி.பி. என்ற ரிக்கர் சான்றிதழ் உண்டு, இங்கிலாந்தில் தேசிய ரிக்கிங் சான்றிதழ் உண்டு. எதற்குப் போனாலும் முதல் கேள்வி எடை எவ்வளவு என்பதாகத்தான் இருக்கும்.