குப்பை அல்ல, குறையும் அல்ல

கேள்வி: நான்கு வருடமாகக் குழந்தை இல்லை. மனைவியின் கார்யோடைப் (குரோமோசோம்களைப் படமெடுத்துப் பார்க்கும் சோதனை) அறிக்கையில் ஒன்பதாம் குரோமோசோமில் ஹெட்டரோகுரோமேட்டின் பகுதி நீண்டிருக்கிறதாம். அது குப்பை டி.என்.ஏ. தானே? மருந்தால் குறைக்க முடியுமா?

பதில்: குறைக்க மருந்தே கிடையாது. குறைத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஹெட்டரோகுரோமேட்டின் என்பது டி.என்.ஏ. இறுகச் சுருண்டிருக்கும் பகுதி. குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியரை ஒட்டி, அதன் இரு கைகளில் நீண்ட கையில் இருக்கிறது. ஒரே வரிசை திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. ஆளுக்கு ஆள் நீளம் மாறும். பெரும்பாலும் அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ அப்படியே வந்திருக்கும். மரபியல் ஆய்வகங்கள் இதை இயல்பான மாறுபாடாகத்தான் கொள்கின்றன.

சந்தேகம் இருந்தால் சி-பேண்டிங் செய்து பார்ப்பார்கள். ஸ்லைடை நீர்த்த அமிலத்தில் நனைத்து, சூடான பேரியம் ஹைட்ராக்சைடில் சில நிமிடம் வைத்து, 60 டிகிரி உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்ற வேண்டும். மற்ற இடங்களில் டி.என்.ஏ. கரைந்து வெளிறிவிடும், இறுகிய பகுதி மட்டும் கறுப்பாக நிற்கும். பேரியத்தில் அதிக நேரம் கிடந்தால் குரோமோசோம் உப்பிக் குலைந்துபோகும். நேரம் போதாவிட்டால் எல்லாம் ஒரே நிறம். சரியாக அலசாத ஸ்லைடில் வெள்ளைப் படலம் வேறு படியும்.

குப்பை என்ற பேச்சை விடுங்கள். 147 எழுத்து இணை நீளமுள்ள டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற எட்டுப் புரதங்களைச் சுற்றியிருப்பது ஒரு நியூக்ளியோசோம். அதில் எச்-3 ஹிஸ்டோனின் ஒன்பதாவது இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் (சிறு வேதிக் குறி) ஏறினால் எச்.பி.-1 என்ற புரதம் வந்து ஒட்டும். அது மெத்தில் ஏற்றும் நொதியையும் கூட்டிவரும். பக்கத்து நியூக்ளியோசோமுக்கும் அதே குறி விழும். இறுக்கம் இப்படித்தான் பரவுகிறது. தடுப்பெல்லை இல்லாவிட்டால் அருகிலுள்ள ஜீனையும் மூடிவிடும். 1930இல் முல்லர் கதிர்வீச்சால் மாற்றிய பழ ஈக்களில், கண்ணுக்குச் சிவப்பு தரும் ஜீன் இடம் மாறி ஹெட்டரோகுரோமேட்டின் பக்கம் போய்விட, ஒரே கண்ணில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாக வந்தது அதனால்தான்.

செல் பிரியும்போது, நகலெடுத்த குரோமோசோமின் இரு பிரதிகளான ஜோடிக் குரோமேட்டிட்கள் நேரத்துக்கு முன் விலகாமல் பிடித்திருக்கும் கோஹீசின் என்ற புரதம், சென்ட்ரோமியர் அருகே சேர்வதற்கும் இந்த இறுக்கம் உதவுகிறது. ஒருவகை ஈஸ்ட்டில் இது தெளிவாகத் தெரிந்த விஷயம். தளர்ந்தால்தான் ஆபத்து. ஐ.சி.எஃப். என்ற அரிய நோயில், பெரும்பாலும் டி.என்.ஏ.வில் மெத்தில் ஏற்றும் டி.என்.எம்.டி.-3பி ஜீன் பழுதாகி, 1, 16, சிலரில் 9 ஆகிய குரோமோசோம்களின் இதே பகுதி அவிழ்ந்து பல கைகளாகப் பின்னிக்கொள்கிறது. அந்தக் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியும் சரிகிறது. உங்கள் மனைவிக்கு இருப்பது நீளம், அவிழ்ச்சி அல்ல.

அறிக்கையில் 'டிரான்ஸ்லொகேஷன்' (ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றுக்கு இடம் மாறுவது) என்று வேறெங்காவது இருந்தால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். அது வேறு விவகாரம். இல்லையென்றால் இன்னொரு கார்யோடைப்புக்குப் பணம் கட்டாதீர்கள். நான்கு வருடம் என்கிறீர்கள், மனைவியின் குரோமோசோம் வரை போயிருக்கிறீர்கள். உங்கள் விந்துப் பரிசோதனை பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லையே?