தற்காலிகப் பெர்மிட்டில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டாகச் சேரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ரெஸ்பிரேட்டரி தெரபி (மூச்சு சிகிச்சை) படித்து முடித்துவிட்டேன். இந்தத் தொழிலுக்கான தேசிய வாரியமான என்பிஆர்சி நடத்தும் தேர்வை இன்னும் எழுதவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் தற்காலிகப் பெர்மிட்டில் வரச் சொல்கிறார்கள். சேரலாமா, முழு லைசென்ஸ் வரும்வரை காத்திருக்கலாமா?

சேருங்கள். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பெர்மிட்டில் மேற்பார்வை பற்றி இருக்கும் வரியை இரண்டு தடவை படியுங்கள். நான் ஒரு தடவைகூட ஒழுங்காகப் படிக்கவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மாணவர் விசாவில் வந்தவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு விஷயம். 'வொர்க் பெர்மிட்' என்றதும் நம் ஆட்களுக்குக் குடியேற்றத் துறை கொடுக்கும் அட்டைதான் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. அந்த அட்டை சம்பளம் வாங்க அனுமதி. மாநில வாரியம் கொடுக்கும் பெர்மிட், நோயாளியைத் தொட அனுமதி. உங்களுக்கு இரண்டும் வேண்டும். படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே வேலை செய்யக் கிடைக்கும் ஓபிடி அனுமதியில் மொத்தம் 90 நாள்தான் வேலையில்லாமல் இருக்கலாம். பெர்மிட் கைக்கு வரக் காத்திருக்கும் நாட்களும் அந்தத் தொண்ணூறில்தான் கழியும். விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தேர்வில் தவறினால் பெர்மிட் அன்றைக்கே போய்விடுமா என்பதும் அப்படித்தான். உங்கள் வாரியத்தின் விதியை நீங்களே படித்துப் பாருங்கள், சீனியர் சொன்னார் என்று நம்பாதீர்கள்.

இனி என் கதை. பெர்மிட்டில் சேர்ந்து ஆறாவது வாரம், இரவு ஷிஃப்ட். ஒருவர் லீவு போட்டுவிட்டார். என்னை மேற்பார்வை செய்ய வேண்டியவர் இரண்டு மாடி மேலே, அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்த ஒருவரை சிடி ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும். போர்ட்டபிள் வென்டிலேட்டர் வேறு நோயாளியிடம் இருந்தது. "நீ பேக் பண்ணிக்கிட்டே கூட்டிட்டுப் போயிடு, பத்து நிமிஷ வேலைதானே" என்றார் பொறுப்பில் இருந்தவர். பேக் பண்ணுவது என்றால், மூச்சுப் பையைக் கையால் அழுத்தி நோயாளிக்குக் காற்றுக் கொடுப்பது. நான் சரி என்றேன். புதிதாக வந்தவன், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

லிஃப்ட் வர நேரமானது. கீழே போனால் உள்ளே வேறொரு கேஸ். கூட வந்த நர்ஸ் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பையை அழுத்திக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஸ்ட்ரெச்சருக்குக் கீழே இருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். அழுத்தம் 1000 பிஎஸ்ஐ. கிளம்பும்போது பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. 'ஈ' அளவு சிலிண்டருக்குப் பெருக்க வேண்டிய எண் 0.28, ஓடுவது நிமிடத்துக்கு 15 லிட்டர். 1000-ஐ 0.28-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 18 நிமிடம் சொச்சம்; 200 பிஎஸ்ஐ கையிருப்பு விட்டால் 15 நிமிடம்தான். டிஎம்சி என்ற அந்த என்பிஆர்சி தேர்வுக்குப் படிக்கும்போது நூறு தடவை போட்ட கணக்கு. நடைபாதையில் நின்று, ஒரு கையால் பையை அழுத்திக்கொண்டு அதைப் போட்டபோது விரல் நடுங்கியது. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மேலே கோட் ப்ளூ (இதயமோ மூச்சோ நின்றவரைக் காப்பாற்றும் அவசர அழைப்பு) ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் உள்ளே இருந்தவர்கள் கதவைத் திறந்து எங்களைச் சுவரோரம் நிற்கவிட்டார்கள். சுவர் ஆக்சிஜனில் மாட்டியபோது முள் 500-க்குக் கீழே வந்திருந்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் சார்ட்டைப் பார்த்த மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க கூட யார் இருந்தாங்க?" அங்கே என் பெயர் மட்டும்தான் இருந்தது. பத்து நிமிட வேலைதானே என்று அனுப்பிய குரல் சார்ட்டில் இல்லை. ஏதாவது நடந்திருந்தால் வாரியத்தின் முன்னால் போய் நின்றிருக்க வேண்டியவன் நான்.

எல்லா ஆஸ்பத்திரியும் இப்படி என்று சொல்லவில்லை. பெர்மிட்டே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்ட அளவுக்குக் கல்லூரியில் கற்கவில்லை. சிலிண்டரைப் பார்க்காதது என் தப்புதானே என்று கேட்பீர்கள். ஆமாம், என் தப்புதான். அந்தத் தப்பைப் பிடிக்க இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றுதானே அந்த வரியை வைத்திருக்கிறார்கள்?

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, மனதில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். இனி சிகிச்சை வேண்டாம் என்று குடும்பம் முடிவெடுத்த பிறகு, வென்டிலேட்டரோடு இணைத்துத் தொண்டைக்குள் விட்டிருக்கும் மூச்சுக் குழாயை வெளியே எடுப்பது பெரும்பாலும் நாங்கள்தான். டேப்பைப் பிரித்து, பலூனில் இருக்கும் காற்றை இறக்கி, மெதுவாக இழுப்போம். பக்கத்தில் மகளோ மனைவியோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டாக்டர் அவர்களிடம் பேசுவார், நர்ஸ் கூடவே இருப்பார். எங்களுக்கு அடுத்த அறையிலிருந்து அழைப்பு வந்துவிடும். இத்தனை வருடத்தில் எங்களிடம் யாரும் "நீங்க சரியா இருக்கீங்களா" என்று கேட்டதில்லை. 2020-இல் உலகமே வென்டிலேட்டர் என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்டது. அதன் பக்கத்தில் நின்ற ஆளுக்கு என்ன பெயர் என்று இன்னும் பலருக்குத் தெரியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள். டிஎம்சியில் 160 கேள்வி, அதில் 140-க்குத்தான் மதிப்பெண், மூன்று மணி நேரம். கீழ் கட்-ஆஃபைத் தாண்டினால் சிஆர்டி என்ற முதல்நிலைச் சான்று. மேல் கட்-ஆஃபைத் தாண்டினால்தான் ஆர்ஆர்டி என்ற மேல்நிலைச் சான்றுக்கான சிமுலேஷன் தேர்வை எழுத முடியும். கலிபோர்னியா மாதிரி இடங்களில் 2015 முதல் புதிதாக வருபவர்களுக்கு ஆர்ஆர்டி கட்டாயம். இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படித்துக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நான் நான்கு மாதத்தை விட்டேன். தேதியை முதலில் போடுங்கள், வேலையில் சேரும் நாளை அப்புறம் பேசலாம்.

சேர்ந்த பிறகு, ஒவ்வொரு ஷிஃப்ட் தொடங்கும்போதும் கேளுங்கள்: இன்றைக்கு எனக்கு மேற்பார்வை யார், எந்த மாடியில் இருக்கிறார், அவர் கோட் ப்ளூவுக்குப் போனால் அடுத்து யார்? இப்போது என்னிடம் பெர்மிட்டில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே என் போன் நம்பரையும் மாடியையும் வெள்ளைப் பலகையில் எழுதிவிடுவேன்.