பாட்டிம்கின் எழுதிய கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லித்தான் அமெரிக்க எழுத்தாளர் ஃபிலிப் ராத்தின் 'குட்பை, கொலம்பஸ்' வாசித்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் முடித்த பிறகு மனம் ஒப்பவில்லை. அறுபது லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டு பதினைந்து வருடம்கூட ஆகாத காலம். அப்போது ஒரு யூத எழுத்தாளரே தன் ஜனங்களின் பணத்தையும் மூக்கையும் சாப்பாட்டையும் கேலிசெய்து ஊர் முன்னால் வைத்திருக்கிறார். இது எப்படிச் சரி? கதாநாயகி பிரெண்டாவின் அம்மா மிஸஸ் பாட்டிம்கின் மேல் அவருக்கு ஏன் இவ்வளவு கடுப்பு? மேலும், தலைமுறைகளின் கதை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீலுக்கும் பிரெண்டாவுக்கும் இடையில் ஒரு கோடைக்காலக் காதல்தான்.

கே., மதுரை

*

அன்புள்ள கே.,

நாவலின் கடைசியில் அப்பா மகளுக்கு எழுதும் கடிதத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரெண்டா விட்டுச்சென்ற கருத்தடைச் சாதனம் வீட்டில் அம்மா கையில் கிடைத்துவிடுகிறது. அவள் படிக்கும் ராட்கிளிஃப் கல்லூரிக்கு இரண்டு கடிதங்கள் வருகின்றன. அம்மாவுடையது முழுக்கக் கோபம். அப்பாவுடையது வேறு மாதிரி. நியூ ஜெர்சி மாநிலத்து நியூவார்க் நகரில் சமையலறை, குளியலறைத் தொட்டிகள் விற்றுப் பணக்காரரானவர் அவர். கண்ட இடத்தில் பெரிய எழுத்துப் போடுகிறார், எழுத்துப்பிழை விடுகிறார், நடந்தது நடந்ததாக இருக்கட்டும் என்று எழுதவந்து அந்த மரபுத்தொடரையே தப்பாக எழுதிவிடுகிறார். அம்மாவின் கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே, நீ நல்ல பிள்ளை, நன்றாகப் படித்தாய், குளிருக்கு ஒரு கோட் வாங்கிக்கொள் என்கிறார். முதல் வாசிப்பில் சிரிப்பு வரும். பிழையே இல்லாமல் எழுதும் ஒரு பெண்ணை உருவாக்கியது அந்தப் பிழைகளை எழுதிய கைதான் என்று உறைக்கும்போது அது அடங்கிவிடும். அப்பா உழைத்துச் சம்பாதித்த பணத்தில் பிள்ளை படிக்கிறது, படித்த பிள்ளையின் கண்ணுக்கு அப்பா வேடிக்கையாகத் தெரிகிறார். இந்த நாவலின் நகைச்சுவை முழுவதும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. அதற்குள் ஓர் உறுத்தல் இருக்கிறது, வெறுப்பு இல்லை.

நீங்கள் சொன்ன மூக்கையே எடுத்துக்கொள்வோம். மூக்கைச் சரிசெய்துகொண்டதாக பிரெண்டா சாதாரணமாகச் சொல்கிறாள். அப்பாவுக்கும் அதே மூக்குதான், நடுவில் எலும்பு புடைத்த மூக்கு. தன்னுடையதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. மகளுடையதை மாற்ற மட்டும் பெருமையோடு பணம் கட்டியிருக்கிறார். அந்த ஒரு சில வரிகளில் இரண்டு தலைமுறைகள் இருக்கின்றன. நான் தலைமுறைகளின் கதை என்று சொன்னது இதை வைத்துத்தான்.

இந்தக் குடும்பம் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். 1881க்கும் 1924க்கும் இடையில் ரஷ்யப் பேரரசு, போலந்து, ருமேனியா பகுதிகளிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்கா வந்தார்கள். 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அந்தக் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. நியூவார்க்கில் அவர்கள் முதலில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தது மூன்றாம் வார்டில். பிள்ளைகள் கொஞ்சம் தலையெடுத்ததும் ராத் பிறந்து வளர்ந்த வீக்வாயிக் பகுதிக்குப் போனார்கள். போருக்குப் பிறகு வசதி வந்தவர்கள் மேற்கே குன்றுப்பக்கம், ஷார்ட் ஹில்ஸ் போன்ற இடங்களுக்கு ஏறினார்கள். நீல் காரில் அங்கே போகும்போது, நியூவார்க்கைவிட நூற்றெண்பது அடி உயர்ந்ததில் சொர்க்கமே கிட்டே வந்துவிட்டதாக உணர்கிறான். தாத்தாக்கள் பாடுபட்டுச் செத்த தெருக்களில் இப்போது கறுப்பின மக்கள் இருப்பதையும் அவன் பார்க்கிறான். அவன் வேலைசெய்யும் பொதுநூலகத்துக்கு ஒரு கறுப்பினச் சிறுவன் தினமும் வந்து பிரெஞ்சு ஓவியர் கோகனின் ஓவியப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சும்மா செருகிய உபகதை இல்லை. ஏணியின் அடுத்த படியில் நிற்பவன் அவன்.

பாட்டிம்கின் வீட்டு நிலவறையில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதே, நினைவிருக்கிறதா? நியூவார்க்கில் குடியிருந்த காலத்துப் பெட்டி அது. புது வீட்டுக்கு வந்தும் அதைத் தூக்கிப்போடவில்லை. இப்போது அது நிறையப் பழங்கள்: பிளம்ஸ் வகைகள், செர்ரி, பீச், திராட்சை. இதற்கு நேர் எதிர், நீல் தங்கியிருக்கும் வீட்டில் ஆன்ட்டி க்ளாடிஸின் சமையலறை. அங்கே நால்வருக்கும் நாலு வேறு சாப்பாடு, நாலு வேறு நேரம். ஐந்து மணிக்கு அவள், ஐந்தரைக்கு மகள், ஆறுக்கு நீல், ஆறரைக்குக் கணவர். எதுவும் வீணாகக் கூடாது என்ற பதைப்பில் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடிவதில்லை. பாலஸ்தீனத்து ஏழை யூதர்களுக்கு அனுப்ப அவள் இன்னமும் பழைய துணி மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாள். இல்லாமை போய்விட்டது, அதன் பழக்கம் போகவில்லை. இதைக் கேலி என்று என்னால் ஏற்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் போட்டதைச் சாப்பிட்டவனால்தான் இப்படி எழுத முடியும்.

யூதர்கள் தங்களைப் பார்த்துச் சிரிப்பது ராத்திடம் தொடங்கியதும் இல்லை. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இட்டிஷ் மொழியில் எழுதிய ஷோலம் அலைக்கம் 1916இல் நியூயார்க்கில் இறந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்டார்கள். தன் நினைவுநாளில் தன் கதைகளில் நல்ல வேடிக்கையான ஒன்றை எடுத்து வாசியுங்கள் என்று உயில் எழுதிவைத்தவர் அவர். அவருடைய ஆட்கள் பசியைப் பார்த்து, கடவுளைப் பார்த்துச் சிரித்தார்கள். ராத்தின் ஆட்களுக்கு வயிறு நிறைந்துவிட்டது. தத்துவவாதி மார்ட்டின் பூபர் பெயரை நீல் சொன்னதும் மிஸஸ் பாட்டிம்கின் கேட்பது, அவர் யூத மதத்தில் எந்தப் பிரிவு, ஆர்த்தடாக்ஸா கன்சர்வேட்டிவா என்று. மதம் உறுப்பினர் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. நிறைந்த வயிற்றைப் பார்த்துச் சிரிப்பது கடினம், அங்கே குத்து சீக்கிரம் பட்டுவிடும்.

பட்டது. 1959இல் 'நியூயார்க்கர்' இதழில் ராத்தின் ஒரு சிறுகதை வந்ததும் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன. இந்த ஆளின் வாயை அடைக்க என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று ஒரு ரபை, அதாவது யூத மதகுரு, யூத உரிமை அமைப்புக்கு எழுதினார். இந்த நாவலோடு சில சிறுகதைகளும் சேர்ந்த 'குட்பை, கொலம்பஸ்' தொகுப்புக்கு 1960இல் தேசியப் புத்தக விருது கிடைத்தும் அது ஓயவில்லை. 1962இல் நியூயார்க்கின் யூதப் பல்கலைக்கழகமான யெஷிவாவின் மேடையில் அவரைத் துளைத்தெடுத்தார்கள். நாஜி ஜெர்மனியில் இருந்திருந்தாலும் இதே கதைகளை எழுதியிருப்பீர்களா என்று கேட்டார்கள். ஏறக்குறைய உங்கள் கேள்விதான். மேடையில் அவருக்குத் துணையாகப் பேசியவர் கறுப்பின நாவலாசிரியர் ரால்ஃப் எலிசன். 'நீ நம் மானத்தை வாங்குகிறாய்' என்ற குற்றச்சாட்டைத் தன் ஜனங்களிடமிருந்தே கேட்டவர் அவரும்.

அந்தக் கோபத்தின் பின்னால் இருந்த பயம் உண்மையானது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவைத்த குடியிருப்புகள் அமெரிக்காவில் இருந்தன. இன அடிப்படையிலான அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதே 1948இல்தான். நேற்றுக் கிடைத்த வீடு நாளை போய்விடுமோ என்று இருப்பவர்களுக்கு நகைச்சுவை காட்டிக்கொடுப்பதாகத்தான் தெரியும். ஆனால் அவர்களுடைய பயத்துக்காக எழுத்தாளன் ஆன்ட்டி க்ளாடிஸையும் பாட்டிம்கினையும் குறையில்லாத பொம்மைகளாக்கினால், யூதர்களை மனிதர்களாகவே பார்க்காத வெறுப்பாளர்களைப் போல அவனும் அவர்களை மனிதர்களாகக் காட்டாமல் விட்டவனாவான்.

படுகொலையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அதே தொகுப்பில் நேரடியான பதில் இருக்கிறது. 'ஈலை, தி ஃபெனாட்டிக்' கதையைக் கண்டிப்பாக வாசியுங்கள். வுடன்டன் என்ற புறநகரில் யூதர்கள் இப்போதுதான் புராட்டஸ்டண்ட் அண்டைவீட்டாரோடு சுமுகமாக வாழத் தொடங்கியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பிழைத்துவந்த அனாதைப் பிள்ளைகளோடு ஒரு யெஷிவா, அதாவது வேதபாடசாலை, அங்கே வந்து சேர்கிறது. கறுப்புத் தொப்பியும் கறுப்பு உடையுமாக ஒருவர் கடைத்தெருவில் நடக்கிறார், ஊர் யூதர்களுக்குக் கூசுகிறது. குடியிருப்புப் பகுதியில் விடுதிப்பள்ளி கூடாது என்ற விதியைக் காட்டி அவர்களைக் கிளப்பும் வேலை ஈலை பெக் என்ற வக்கீலுக்கு வருகிறது. சமரசமாக அவன் தன் சூட்டுகளைக் கொடுத்தனுப்புகிறான். பதிலுக்கு அந்த மனிதரின் கறுப்பு உடை அவன் வீட்டு வாசலுக்கு வந்துசேர்கிறது. அதை அணிந்துகொண்டு ஊர் பார்க்க நடந்து, அப்போதுதான் பிறந்த தன் மகனைப் பார்க்க மருத்துவமனைக்குப் போகிறான் ஈலை. ஊர் அவனுக்குப் பைத்தியம் என்று முடிவுகட்டி ஊசி போடுகிறது. பாதிக் கதைவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எந்தப் பக்கத்தில் நிறுத்தினோம் என்று சொல்ல முடியாது. படுகொலைக்குப் பிந்தைய யூத வாழ்வைப் பற்றி நான் வாசித்த கதைகளில் இதற்கே முதலிடம் தருவேன்.

மிஸஸ் பாட்டிம்கின் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அப்பாவுக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்த ராத், அம்மாவுக்கு எதையும் கொடுக்கவில்லை. அவள் வரும் இடமெல்லாம் குறைசொல்கிறாள், கணக்குப் பார்க்கிறாள். ஒரே ஒரு இடத்தில் மட்டும், இளவயதில் அவள் நன்றாக டென்னிஸ் ஆடியவள் என்றும், அந்தக் காலத்து அம்மாவின் படமொன்றைப் பெரிதாக்கிக் கல்லூரி அறையில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டதாகவும், பணத்தைக் காரணம் காட்டி அம்மா மறுத்துவிட்டதாகவும் பிரெண்டா சொல்கிறாள். டென்னிஸ் மட்டையை வைத்துவிட்டு ஒவ்வொரு டாலரையும் எண்ணும் பெண்ணாக அவள் எப்படி ஆனாள் என்று ராத் கேட்கவே இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தன் அப்பாவைப் பற்றி 1991இல் 'பேட்ரிமனி' என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார். மிஸஸ் பாட்டிம்கின் போன்ற அம்மாக்களுக்கு அவரிடம் அப்படி ஒரு புத்தகம் இல்லை. அது இந்த நாவலின் குறை மட்டும் இல்லை, அவருடைய குறையும்தான்.

அன்புடன்