பல நிரல்மொழிகளில் மாறி மாறி வேலை செய்பவருக்கு உதவக்கூடிய சிறு நிரலாக்கக் குறிப்புகள் எவை?

பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, தரவுத்தளம், கிட் என எதைத் தொட்டாலும் கைகொடுக்கும் சிறு குறிப்புகளைக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவான குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், தமிழ் எழுத்துகளைக் கையாளும் நிரல்களை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். பெங்களூரில் நான் இருக்கும் குழுவுக்கு வரும் பெயர்களும் முகவரிகளும் கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்தே வருகின்றன. அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் படிவங்களில் தமிழ்ப் பெயர் இல்லாமல் இருப்பது அரிது. அங்கே எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை, ஒரு செயற்கூறு (ஃபங்ஷன்) எதை எண்ணுகிறது என்று கேட்காமல் அதைப் பயன்படுத்துவதால் எழுபவை.

"தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் முறையில் அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து கோட் பாயின்ட்டுகள், அதாவது ஐந்து எண்கள். அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 15 பைட்டுகள். நீளம் கேட்டால் பைத்தானும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்கின்றன. கோவும் ரஸ்ட்டும் 15 என்கின்றன. ஸ்விஃப்ட் 3 என்கிறது. பிஎச்பியில் மூன்றும் உண்டு: ஸ்டர்லென் 15, எம்பி_ஸ்டர்லென் 5, கிராஃபீம்_ஸ்டர்லென் 3. இவற்றில் எதுவும் தவறான விடை இல்லை. "பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பவர் எந்த எண்ணிக்கையை மனத்தில் வைத்திருக்கிறார் என்று நிரல் எழுதும் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பதே என் முதல் குறிப்பு.

எண்ணுவதைவிட வெட்டுவதில் சேதம் அதிகம். நீண்ட தலைப்பைச் சுருக்கிக் கடைசியில் மூன்று புள்ளி வைக்கும் வழக்கமான நிரல், உயிர்மெய்யின் நடுவில் வெட்டினால் "மி" என்பது "ம" ஆகிவிடும். சொல்லின் பொருளே மாறினாலும் திரையில் பிழை என்று எதுவும் தெரியாது. கோ மொழியில் பைட் எண்ணிக்கையால் வெட்டினால் மாற்றுக்குறியீடாகக் கறுப்புச் சாய்சதுரமே வந்து நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் இதற்காகவே இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. 2024இல் வெளிவந்த ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் எல்லா முக்கிய உலாவிகளிலும் அதை நம்பிப் பயன்படுத்தலாம். பைத்தானில், தனியாக நிறுவிக்கொள்ள வேண்டிய ரீஜெக்ஸ் தொகுப்பு, பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய எக்ஸ் சேர்ந்த குறியின் மூலம் முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: யூனிகோடின் இயல்பு விதிப்படி "க்ஷ" ஓரெழுத்தாக வராமல் க், ஷ என்று இரண்டாகவே பிரியும். அதை ஒன்றாக எண்ண வேண்டுமானால் விதியை நீங்களே சேர்க்க வேண்டும்.

உரையில் வடிவங்களைத் தேடுவதற்காகப் பைத்தானுடன் கூடவே வரும் ஆர்ஈ தொகுப்பில் வேறொரு குழி இருக்கிறது. சொல்லெழுத்து என்று பொருள்படும் பின்சாய்வுக்கோடு-டபிள்யூ குறி, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ஆகவே "முருகன்" என்பதிலிருந்து சொற்களைப் பிரிக்கச் சொன்னால் "ம", "ர", "கன" என்று மூன்று துண்டுகள் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதே குறி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றைத் தவிர எதையும் ஏற்காது. அங்கே யூனிகோட் முறையை இயக்கும் யு கொடியைச் சேர்த்து, எழுத்து வகை, குறி வகை என்ற இரு யூனிகோட் வகைகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். பெயரைச் சரிபார்க்கும் படிவங்கள் தமிழ்ப் பெயர்களை "செல்லாத எழுத்து" என்று திருப்பி அனுப்புவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தன் பெயரைத் தன் மொழியில் எழுதிய ஒருவரிடம் அது செல்லாது என்று ஒரு படிவம் சொல்வதை நான் சிறிய பிழையாகக் கருதுவதில்லை.

அடுத்தது ஒப்பிடுதல், இதில்தான் அதிக நேரம் வீணாகிறது. "கொ" என்பதைக் ககரத்துடன் ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ ஆகியவற்றுக்கு அவை வெவ்வேறு சரங்கள் (ஸ்ட்ரிங்). ஸ்விஃப்ட் மட்டும் சமம் என்று சொல்லும். பழைய மேக் கணினிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து நகலெடுத்த "கோமதி" என்ற கோப்புப் பெயர் தேடலில் சிக்காமல் போகலாம். தீர்வு எளிது: தரவு உள்ளே நுழையும் இடத்திலேயே, ஒரே ஒரு முறை, பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா, ஜாவாஸ்கிரிப்ட்டில் சரத்தின் நார்மலைஸ், ஜாவாவில் நார்மலைசர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 13ஆம் பதிப்பு முதல் அதே பெயருள்ள செயற்கூறு என்று எல்லா இடத்திலும் கருவி தயாராக இருக்கிறது. தேடும் சொல்லையும் அவ்வாறே மாற்ற வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

என்எஃப்சி தீர்க்காதவையும் உண்டு. "கௌசல்யா" என்பதைக் ககரம், கொம்பு, ளகரம் என்று "கெளசல்யா"வாகத் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். கணினிக்கு அது உண்மையிலேயே வேறு சொல். "ஸ்ரீ" எழுத்திலும் இதே நிலைதான்: ஸகரத்தில் தொடங்கும் வடிவமும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் வடிவமும் பல எழுத்துருக்களில் ஒரே உருவமாகத் தெரியும். இவற்றுக்குத் தரவுத்தள அட்டவணையில் தேடலுக்கென்று தனி நெடுவரிசையை வைத்து, அதில் ஒரே வடிவத்துக்கு மாற்றிச் சேமியுங்கள். பயனர் எழுதிய மூலப் பெயரை ஒருபோதும் திருத்தாதீர்கள். நகலெடுத்து ஒட்டும்போது கூடவே வரும், கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற இணைப்பான், பிரிப்பான் குறிகளையும் தேடல் நெடுவரிசையில் நீக்க வேண்டும். ஓரத்து வெற்றிடத்தை அகற்றும் ஸ்ட்ரிப், டிரிம் போன்றவை அவற்றைத் தொடுவதில்லை.

வரிசைப்படுத்தலில், கோட் பாயின்ட் வரிசையை நம்பினால் "கனகா" முன்னும் "கமலா" பின்னும் வரும். "ஜெயந்தி" சரவணனுக்கும் ஞானத்துக்கும் நடுவில் நிற்பார். யூனிகோட் அட்டவணையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும் ஜகரம் சகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருப்பதே காரணம். தமிழ் அகராதி வரிசை வேண்டுமானால் யூனிகோட் விதிகளைச் செயல்படுத்தும் ஐசியூ நூலகத்தை அழையுங்கள்: பைத்தானில் பைஐசியூ, ஜாவாஸ்கிரிப்ட்டில் தமிழுக்கான மொழிக்குறியீட்டுடன் லொகேல்கம்பேர், போஸ்ட்கிரெஸில் 10ஆம் பதிப்பு முதல் ஐசியூ கொலேஷன் என்ற வரிசை விதி.

தரவுத்தள நெடுவரிசையின் அளவை முடிவு செய்யும்போது "முத்துலட்சுமி" என்ற பெயரை எண்ணிப் பாருங்கள்: 7 எழுத்து, 13 கோட் பாயின்ட், 39 பைட். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் வார்கேர் என்ற உரை வகையின் அளவைக் கோட் பாயின்ட் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஆரக்கிள் இயல்பாகப் பைட் கணக்கில் எடுத்துக்கொள்வதால், 30 என்று அமைத்த இடத்தில் இந்தப் பெயர் நுழையவே நுழையாது. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 என்பது மூன்று பைட்டோடு நின்றுவிடும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். எமோஜிக்கும், 2019இல் யூனிகோட் 12இல் இடம்பெற்ற முந்திரி முதலான தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் தேவை. ஆகவே யூடிஎஃப்8எம்பி4 என்றே அமையுங்கள்.

சிறியவை சில. விண்டோஸில் பைத்தானால் கோப்பைத் திறக்கும்போது குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எக்செலில் திறப்பதற்கான சிஎஸ்வி கோப்பை யூடிஎஃப்-8-சிக் என்ற குறியாக்கத்தில் எழுதினால் தமிழ் சிதையாது. பைத்தானின் ஜேசன் தொகுப்பு தமிழை எண்குறிகளாக மாற்றி எழுதுவதை நிறுத்த, என்ஷ்யூர் ஆஸ்கியைப் பொய் (ஃபால்ஸ்) என்று வையுங்கள். கிட்டில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் 340, 256 என்று எண்களாகத் தெரிந்தால், கோர் பிரிவின் குவோட்பாத் (quotepath) அமைப்பையும் பொய் என்று மாற்றினால் போதும்.

சோதனைத் தரவில் குமார், ரமேஷ் போன்ற பெயர்களுடன் நிறுத்திக்கொள்ளாமல், இரு வடிவங்களில் கௌசல்யா, பிரித்த வடிவில் கோமதி, ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீநிவாசன், முழு நீளத்தில் முத்துலட்சுமி ஆகியவற்றை நிரந்தரமாகச் சேர்த்துவிடுங்கள். எங்கள் குழுவில் புதிய சேவை எதுவாயினும், எந்த மொழியில் எழுதப்பட்டாலும், வெளியிடும் முன் இந்தப் பெயர்களைச் சேமித்து, தேடி, வரிசைப்படுத்தி, சுருக்கிப் பார்க்கும் சோதனையைத் தாண்டியாக வேண்டும்.