மலை பார்த்த புறவாசலில் ஒரு குளம்

கேள்வி: தென்காசிக்கு மேற்கே மலையடிவாரத்தில் 40 சென்ட் வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். புறவாசலில் நின்றால் மலை முழுவதும் தெரியும். நிலமும் அந்தப் பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. அங்கே நீச்சல் குளம் வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் காட்டும் படங்களில் பாதி அவரைவிதை வடிவம், மீதி விளிம்பில் நீர் வழிந்து மலையோடு கலப்பது போன்றவை. எல்லாவற்றிலும் நீல டைல்ஸ். எதைத் தேர்ந்தெடுப்பது?
(வாசகி, தென்காசி)

பதில்: இரண்டுமே வேண்டாம் அம்மா. விளிம்பில் நீர் வழிய வேண்டுமானால் விளிம்புக்கு அப்பால் நிலம் இறங்க வேண்டும். இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டலில் நீச்சல் குளமும் ஏரியும் ஒரே நீராகத் தெரிகின்றன என்றால், ஏரி கீழே கிடப்பதால்தான். உங்கள் நிலம் ஏறுகிறது. அங்கே அப்படிக் கட்டினால் எதிரே தெரியப்போவது மலை அல்ல, வெட்டிய மண்சுவர்.

அவரைவிதைக்கும் ஒரு கதை உண்டு. அந்த வடிவத்தை ஊரெல்லாம் பரப்பியதில் முக்கியமானது, கலிஃபோர்னியாவின் சொனோமாவில் தாமஸ் சர்ச் என்ற தோட்ட வடிவமைப்பாளர் 1948-இல் அமைத்த டானல் தோட்டத்துக் குளம். அந்தக் குன்றின் கீழே உப்புச் சதுப்பில் ஓடைகள் நெளிந்து போகின்றன. அந்த நெளிவைத்தான் அவர் குளத்துக்குக் கொடுத்தார். உங்களைச் சுற்றி நெளியும் ஓடை எங்கே இருக்கிறது? வயல் இருக்கிறது. வரப்பைப் பாருங்கள். சரிவில் மட்டம் போன போக்கிலேயே வரப்பு போட்டிருப்பார்கள். குளத்தின் நீளமும் அப்படியே, தெற்கு வடக்காக, சரிவுக்குக் குறுக்கே கிடக்கட்டும். மண் வெட்டுவது குறையும். நீந்தும்போது மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்காது. கொத்தனாரிடம் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் நீர்க்குழாய்) வாங்கி, ஒரே மட்டத்தில் பத்து முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டுங்கள். உங்கள் குளத்தின் கரை அந்தக் கயிற்றில் இருக்கிறது.

30 அடி நீளம், 12 அடி அகலம், 4 அடி ஆழம் போதும். அதற்கே ஏறக்குறைய 40,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். கிணறு சித்திரையில் தாங்குமா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீல டைல்ஸ் பற்றி என் சொந்த அனுபவம். நான் முதன்முதலில் கட்டிய குளம் ஒரு பாக்குத் தோப்புக்குள். நீலம்தான் பதித்தேன். மாடியிலிருந்து பார்த்தால் தோப்புக்குள் யாரோ தார்ப்பாயை விரித்துவிட்டுப் போனது போல இருந்தது. அடித்தளம் இருண்டிருந்தால் நீர் மலையைத் திருப்பிக் காட்டும். அதற்காகக் கறுப்பு போடாதீர்கள். உள்ளே மூழ்கும் குழந்தை தெரியாது. சாம்பல் கலந்த பச்சை நல்லது. படி விளிம்புகளில் மட்டும் வெள்ளைக் கோடு. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஆனி, ஆடிக் காற்றில் எந்த நீரிலும் மலை நிற்காது. அந்தக் காற்று மேற்கிலிருந்து வந்து சருகையெல்லாம் கிழக்குக் கரைக்குத் தள்ளும். ஆகவே மேற்பரப்புக் குப்பையை உறிஞ்சும் வாய்களைக் கிழக்குச் சுவரில் வையுங்கள்.

மலைப்பக்கம் உட்காரும் உயரத்தில் ஒரு கல் தாங்குசுவர், அதற்குப் பின்னால் சரிவு நீரைத் திருப்பிவிடும் வடிகால். இது இல்லாவிட்டால் முதல் மழையிலேயே குளம் செம்மண் குழம்பாகிவிடும்.

கேள்வி: ஆற்றங்கரையை ஒட்டிய தோட்டம். கார்த்திகையில் குளத்தைக் கழுவக் காலி செய்தோம். மறுநாள் தரை வெடித்திருந்தது. சிமெண்ட் மட்டமா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சிமெண்டைத் திட்டாதீர்கள். மழைக்காலத்தில் உங்கள் ஊரில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குளத்தின் அடித்தரைக்கு ஒரு மீட்டர் மேலே அது நின்றால், அந்தத் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் கீழிருந்து ஒரு டன் விசையோடு தூக்கும். 20 சென்டிமீட்டர் கான்கிரீட்டின் எடை அதில் பாதிதான். குளம் நிறைந்திருந்தவரை உள்ளிருக்கும் நீர் தரையை அழுத்திப் பிடித்திருந்தது. நீங்கள் அதை இறைத்துவிட்டீர்கள். பழுது பார்க்கும்போது, கீழிருந்து தள்ளும் நீரை உள்ளே விட்டு அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்றைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். இனிமேல் பங்குனிக்குப் பிறகு கழுவுங்கள், அதுவும் பக்கத்துக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு.

கேள்வி: குளத்தை ஒட்டி மறைப்புக்காக மூங்கில் நடலாமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: சருகு அள்ளவே தனியாக ஓர் ஆள் வைப்பதாக இருந்தால் நடுங்கள். இல்லையென்றால் இடுப்புயரச் சுவர் எழுப்பி, அதன் வெளிப்புறம் வெட்டிவேர் வையுங்கள். வேர் பக்கவாட்டில் ஓடிச் சுவரைக் குடையாது. செங்குத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.